படர்க்கையில் ஒரு ராஜினாமா

2010 ஆகஸ்ட் 23 அன்று ஓப்பன்சோலாரிஸ் நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் போட்டது. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். நான்கு ‘என்பதாலும்’, கடைசியில் ஒரு ‘எனவே’. குழுவோடு பேச ஒரு ஆளை நியமிக்கச் சொல்லிக் கேட்டும் ஆரக்கிள் தொடர்ந்து கண்டுகொள்ளவில்லை என்பதாலும். ஆகஸ்ட் 13 வெள்ளிக்கிழமை ஆரக்கிள் தன் ஊழியர்களுக்கு அனுப்பிய மெயில் மூலம் இந்தக் கூட்டு முயற்சியை ஒருதலைப்பட்சமாக முடித்துக்கொண்டது என்பதாலும். ஆரக்கிளின் பங்கேற்பு இல்லாமல் இந்தக் குழுவுக்கும் இந்தச் சமூகத்துக்கும் அர்த்தமில்லை என்பதாலும். நிரலைத் திறந்த முறையில் வளர்க்கும் ஆர்வம் இந்தச் சமூகத்தை விட்டு வேறு சுதந்திரமான சமூகங்களுக்குப் போய்விட்டது என்பதாலும் – எனவே, குழு கூண்டோடு ராஜினாமா செய்கிறது. சாசனப்படி அடுத்த குழுவை நியமிக்கும் பொறுப்பு இனி ஆரக்கிளைச் சேரும். (வரிக்கு வரி மொழிபெயர்ப்பு இல்லை, சாரம் இதுதான்.)

எனக்குத் தெரிந்து ஓப்பன் சோர்ஸ் உலகத்தில் எழுதப்பட்ட மிக நல்ல உரைநடைகளில் இது ஒன்று. சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். “இது ஒரு மினிட்ஸ்டா, இதுல என்ன உரைநடை?”

என் பதில் இதுதான். இப்படியான குழுக்களுக்கு உரைநடையைத் தவிர வேறு எதுவுமே கிடையாது. பணம் கிடையாது. நீதிமன்றத்துக்குப் போக வக்கீல் கிடையாது. சர்வர் நிறுவனத்துடையது, பெயர் நிறுவனத்துடையது, பெரும்பாலான நிரலாளர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் நிறுவனம்தான். குழுவின் கையில் இருப்பதெல்லாம் ஒரு கடிதம் எழுதும் உரிமை மட்டும். அப்படியென்றால் அந்தக் கடிதங்களைக் கடிதங்களாகவே படித்துப் பார்க்க வேண்டாமா? யார் யாரை விளிக்கிறார்கள், யார் பதில் சொல்லவில்லை, எந்த இடத்தில் வினைச்சொல் எழுவாயைத் தொலைக்கிறது? தொழில்நுட்பச் செய்தியாளர்கள் இவற்றை யார் ஜெயித்தார் என்று பார்ப்பதற்கு மட்டும் படிக்கிறார்கள். நான் வேறு மாதிரி படித்துப் பார்க்கிறேன்.

கொஞ்சம் பின்கதை வேண்டும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005 ஜூன் 14 அன்று தன் சோலாரிஸ் இயங்குதளத்தின் மூலநிரலைச் சிடிடிஎல் என்ற உரிமத்தின் கீழ் திறந்துவிட்டது. அப்போதே ஐந்து பேர் கொண்ட ஓர் ஆலோசனைக் குழுவும் இருந்தது. இரண்டு பேர் முன்னோடிச் சமூகம் தேர்ந்தெடுத்தவர்கள், இரண்டு பேர் சன் ஊழியர்கள், ஒருவர் வெளியிலிருந்து சன் அழைத்துவந்தவர். அந்த வெளியாள் ராய் ஃபீல்டிங். இன்று எல்லோரும் வாய்க்கு வாய் சொல்லும் ‘ரெஸ்ட்’ கட்டமைப்பை வகுத்தவர், அப்பாச்சி அறக்கட்டளையின் நிறுவனர்களில் ஒருவர். 2006 பிப்ரவரியில் சன் ஒரு சாசனம் கொடுத்து அந்தக் குழுவை நிர்வாகக் குழுவாக மாற்றியது. 2007-இல் சமூகம் தனக்கென ஒரு அரசியலமைப்பை எழுதி வாக்கெடுத்து ஏற்றுக்கொண்டது. உட்பிரிவு எண்களோடு கூடிய முழு அரசியலமைப்பு. ஒரு இயங்குதளத்துக்கு!

நம் சிற்றிதழ்களில் ‘புரவலர்’ என்று ஒரு பக்கம் வரும். பணம் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல். புரவலர் பணம் கொடுப்பார், இதழ் ஆசிரியருடையதாகவே இருக்கும். புரவலருக்குக் கோபம் வந்தால் அடுத்த இதழில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். சன் அப்படிப்பட்ட புரவலர் இல்லை. வீட்டையும் கட்டி, அதில் குடியிருக்க ஆட்களையும் அழைத்து, குடியிருப்போர் சங்கத்துக்கு விதிமுறையும் எழுதிக் கொடுத்தது. மூலநிரலின் பிரதான களஞ்சியம் வெகுகாலம் சன்னின் சுவர்களுக்குள்ளேயே இருந்தது. வெளியாள் ஒரு திருத்தம் எழுதினால் அதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு சன் பொறியாளர் வேண்டும். அந்தப் பொறியாளருக்கு அந்தச் சமூகத்தில் என்ன பெயர் தெரியுமா? ஸ்பான்சர். நிறுவனம் சமூகத்துக்கு ஸ்பான்சர், ஊழியர் உங்கள் பத்து வரிக்கு ஸ்பான்சர். மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்.

இங்கே தமிழில் படிக்கிறவருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘வீ’ என்று ஒரே சொல்தான். தமிழில் எழுதும்போது முடிவெடுத்தாக வேண்டும்: நாமா, நாங்களா? கேட்கிறவரை உள்ளே சேர்த்துக்கொள்கிற நாம். கேட்கிறவரை வாசலில் நிறுத்துகிற நாங்கள். அந்த ஐந்து வருட ஆவணங்களை மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டே படித்தால், ஒவ்வொரு ‘வீ’யிலும் தடுக்கி விழுவீர்கள். சன்னின் சாசனமும் அறிவிப்புகளும் ‘நாம்’ என்ற தொனியில் பேசுகின்றன. ஆனால் பெயர், சர்வர், களஞ்சியம் என்று வரும்போதெல்லாம் வினைச்சொல் சத்தமில்லாமல் ‘நாங்கள்’ விகுதிக்கு மாறிவிடுகிறது.

அதை முதலில் சத்தமாகச் சொன்னவர் ஃபீல்டிங்தான். 2007-08 காலத்தில் சன் ‘இந்தியானா’ என்றொரு திட்டம் தொடங்கியது. சோலாரிஸை டெஸ்க்டாப்புக்கும் ஏற்ற மாதிரி, நிறுவ எளிதான ஒரு வெளியீடாகக் கொண்டுவருவது நோக்கம். தப்பில்லை. ஆனால் அதற்கு ‘ஓப்பன்சோலாரிஸ்’ என்ற பெயரையே வைப்பதென்று முடிவானது. அதுவரை அந்தப் பெயர் மொத்தச் சமூகத்தையும், அதிலிருந்து கிளைத்த பல வெளியீடுகளையும் குறித்தது. இனி சன்னின் ஒரு தயாரிப்பை மட்டும் குறிக்கும். குழுவைக் கேட்டு எடுத்த முடிவில்லை. ட்ரேட்மார்க் சன்னுடையது, யாரிடம் கேட்க வேண்டும்?

2008 பிப்ரவரியில் ஃபீல்டிங் விலகிப் போகும்போது எழுதியதன் சாரம் இது: தானே மதிக்காத சாசனத்தைச் சன் கலைத்துவிடட்டும், மைஎஸ்கியூஎல் நிறுவனத்தின் பாணிக்குப் போய்விடட்டும், அவர்கள் சமூகத்துக்கு முடிவெடுப்பதில் பங்கு இருப்பதாகப் பாவனை செய்வதில்லை, இருந்தும் பயனர்கள் திருப்தியாகத்தான் இருக்கிறார்கள். இந்த ஒப்பீட்டின் குத்தல் புரிய ஒரு விஷயம் தெரிய வேண்டும். அதற்கு முந்தைய மாதம்தான் மைஎஸ்கியூஎல்லைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சன் அறிவித்திருந்தது. ‘உங்க வீட்டுக்குப் புதுசா வந்த பிள்ளைகிட்டயே கத்துக்கோங்க’ என்கிற மாதிரி.

அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அதன் கோபம் இல்லை. அது எதையும் கேட்கவில்லை என்பதுதான். ‘தயவுசெய்து’ இல்லை, காலக்கெடு இல்லை, ஒரு கோரிக்கை இல்லை. இருக்கிற உறவுக்குச் சரியான பெயரைச் சூட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறது.

சன் மேல் நமக்கெல்லாம் ஒரு மென்மை உண்டு. நல்லவர்கள், தோற்றுப்போனவர்கள், பொறியாளர்களின் கம்பெனி. ஆரக்கிளை வில்லனாக வைத்துக் கதை சொல்வது ரொம்பச் சுலபம், பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆரக்கிளின் மௌனத்தைவிடச் சன்னின் ‘நாம்’தான் அதிக சேதம் செய்தது என்று நினைக்கிறேன். சன்னில் இருந்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று சொல்ல வரவில்லை; நிறையப் பேர் மனதார நம்பித்தான் செய்தார்கள். ஆனால் அந்த நம்பிக்கையான ‘நாம்’தான், கையில் எதுவும் இல்லாத ஒரு குழுவுக்குத் தன் கையில் ஏதோ இருக்கிறது என்ற எண்ணத்தைக் கொடுத்தது. ஆரக்கிள் வந்து அந்தக் கையைத் திறந்து காட்டியது, அவ்வளவுதான்.

2009 ஏப்ரல் 20 அன்று சன்னை வாங்கப்போவதாக ஆரக்கிள் அறிவித்தது. விலை சுமார் 740 கோடி டாலர். ஐரோப்பிய ஆணையத்தின் விசாரணையெல்லாம் முடிந்து 2010 ஜனவரி 27 அன்றுதான் கைமாறியது. அந்த ஒன்பது மாதங்கள் யாராலும் எதையும் பேச முடியவில்லை. இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நிறுவனத்தின் மௌனம் எல்லா நேரமும் அவமதிப்பு இல்லை. பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனியின் ஊழியர் வரப்போகிற தயாரிப்பைப் பற்றி ஒரு வாக்கியம் பேச வேண்டுமென்றாலும் வக்கீலைத் தாண்டி வர வேண்டும். குழு உறுப்பினர்களிலேயே சிலர் அந்த ஊழியர்கள்தான். பகலில் சம்பளம் கொடுக்கிறவருக்கு இரவில் கண்டனக் கடிதம் எழுதுகிற நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

பிப்ரவரி இறுதியில் சமூகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆரக்கிள் தரப்பிலிருந்து ஒருவர் வந்து பேசினார். ஓப்பன்சோலாரிஸைத் தொடர்ந்து கிடைக்கச் செய்வோம், ஆதரிப்போம். சில விஷயங்களைத் திறக்காமலும் விடலாம். எல்லோரும் முதல் பாதியைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். 2010-இன் முதல் பாதியில் வந்திருக்க வேண்டிய அடுத்த வெளியீடு வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லவும் யாரும் வரவில்லை.

ஜூலை 12 அன்று குழு தன் இறுதி எச்சரிக்கையை விட்டது. ஓப்பன்சோலாரிஸின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச அதிகாரம் உள்ள ஒரு தொடர்பாளரை ஆகஸ்ட் 16-க்குள் ஆரக்கிள் நியமிக்க வேண்டும். இல்லையென்றால் ஆகஸ்ட் 23 கூட்டத்தில், சமூகத்தின் கட்டுப்பாட்டை ஆரக்கிளிடமே திருப்பி ஒப்படைக்கும் சாசனப் பிரிவைக் குழு கையிலெடுக்கும்.

முதல் தடவை படித்தபோது சிரித்துவிட்டேன். இது என்ன மிரட்டல்? ‘நீ வந்து பேசலன்னா, உன் வீட்டுச் சாவிய உன்கிட்டயே குடுத்துருவேன்!’

ஆனால் திரும்பப் படிக்கும்போது அந்தக் கோரிக்கையில் ஒரு சொல் நின்று யோசிக்க வைத்தது. அதிகாரம் உள்ள தொடர்பாளர். குறளில் தூது என்றே ஒரு அதிகாரம் உண்டு. பரிமேலழகர் தூதரை இரண்டு வகையாகப் பிரிப்பார்: சொல்லி அனுப்பியதை அப்படியே போய்ச் சொல்கிறவர் ஒருவர், இடம் பார்த்துத் தானே முடிவெடுத்துப் பேசும் அதிகாரம் கொண்டவர் இன்னொருவர். குழு கேட்டது இரண்டாவது வகையை. முதல் வகை ஆட்களை அவர்கள் ஏற்கெனவே நிறையப் பார்த்தாகிவிட்டது. நல்லவர்கள், சிநேகிதர்கள், ‘மேல பேசிட்டுச் சொல்றேன்’ என்கிறவர்கள். நம் கதைகளிலெல்லாம் பேச விரும்புகிற அரசன்தான் தூது அனுப்புவான். அதியமான் ஔவையை அனுப்பினான், தொண்டைமான் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. இங்கே கோட்டைக்கு வெளியே நிற்கிறவர்கள் உள்ளே இருக்கிற அரசனிடம் ‘எங்களுக்கு ஒரு தூது அனுப்பு’ என்று கேட்கிறார்கள். அதுவும் தேதி குறித்து.

அந்தத் தேதியில்தான் விஷயம் இருக்கிறது. ஜூலை 12-க்கு முன்னால் ஆரக்கிளின் மௌனம் வெறும் தாமதம். பெரிய கம்பெனி, நேரமாகும், இப்போதுதான் வாங்கியிருக்கிறார்கள் என்று ஆயிரம் சமாதானம் சொல்லலாம். ஜூலை 12-க்குப் பிறகு அதே மௌனம் பதிலாகிவிட்டது. ஆகஸ்ட் 16 அன்று யாரும் வராவிட்டால், வரவில்லை என்பதே எழுதப்பட்ட பதில். கையில் எதுவும் இல்லாதவர்கள் எதிராளியின் மௌனத்துக்குத் தேதி போட்டார்கள். அந்த எச்சரிக்கை விளித்தது ஆரக்கிளை, ஆனால் பேசியது ஆரக்கிளோடு இல்லை. இன்னும் காத்துக்கொண்டிருந்த தங்கள் ஆட்களிடம்தான்: இதற்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

பதில் வந்தது. ஆகஸ்ட் 16-க்கு மூன்று நாள் முன்னாலேயே. ஆனால் குழுவுக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 13 மெயில் ஆரக்கிளின் சோலாரிஸ் பொறியாளர்களுக்கு எழுதப்பட்ட உள் சுற்றறிக்கை. வெளியே கசிந்துவிட்டது. தினமும் இரவு மூலநிரலை வெளியிடுவது இனி இல்லை. நிறுவனப் பதிப்பு முழுதாக வெளிவந்த பிறகே, அனுமதிக்கப்பட்ட நிரல் வெளியிடப்படும். அப்போதுதான் புதுமைகள் முதலில் நம் வெளியீட்டில் தெரியும். ஓப்பன்சோலாரிஸ் என்ற பெயரில் இனி வெளியீடு கிடையாது, எல்லா உழைப்பும் சோலாரிஸ் 11-க்கே.

‘நம் வெளியீட்டில்’ என்று போட்டிருக்கிறேன், கவனியுங்கள். இந்த ஒரு ஆவணத்தில்தான் ‘வீ’யைத் தமிழாக்க யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் ஒரே சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். தயக்கமில்லாத, முழுமையான ‘நாம்’. சமூகம் அதில் முன்னிலையிலும் இல்லை. எங்கோ ஒரு ஓரத்தில் படர்க்கையில் நிற்கிறது. ஐந்து வருடம் உழைத்தவர்கள் தங்களைப் பற்றிய முடிவை அடுத்தவருக்கு வந்த கடிதத்தில் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், எழுத்தாகப் பார்த்தால் அது மோசமான மெயில் இல்லை. எழுவாய் ஒளிந்துகொள்வதில்லை. ‘தவிர்க்க முடியாத சூழலால் நிறுத்தப்படுகிறது’ என்கிற ரக செயப்பாட்டுவினைச் சமாளிப்பு இல்லை. இதைச் செய்வோம், இதைச் செய்ய மாட்டோம், காரணம் இது. ஐந்து வருடமாகச் சமூகத்துக்குக் கிடைக்காத தெளிவு. கிடைத்தது கசிந்துதான் என்றாலும்.

இப்போது ஆகஸ்ட் 23 தீர்மானத்துக்கு வரலாம். நான்கு ‘என்பதாலும்’களில் குழு தன்னை எங்கும் ‘நாங்கள்’ என்று சொல்லிக்கொள்வதில்லை. ‘குழு’ என்கிறது. ஆரக்கிள் ‘நீங்கள்’ இல்லை, ‘ஆரக்கிள்’. முதல் பிரிவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ‘நமது சமூகம்’ என்று வருகிறது. நமது என்பதா, எங்களது என்பதா? நான் ‘நமது’ என்றே எடுத்துக்கொள்கிறேன், பழக்கதோஷத்தில் விழுந்த கடைசி உளப்பாட்டுப் பன்மை மாதிரி. அதன் பிறகு எல்லாமே படர்க்கை. தன்னைப் பற்றியே படர்க்கையில் பேசுவது சட்ட ஆவணங்களின் வழக்கம்தான், தெரியும். ஆனாலும் மூன்றாவது பிரிவில், தனக்கு அர்த்தமில்லை என்று ஒரு குழு தன்னைப் பற்றியே எழுதும்போது அந்த வழக்கம் வேறு ஏதோவாக மாறிவிடுகிறது. புகார் இல்லை, பச்சாதாபம் தேடவில்லை. ஃபீல்டிங் இரண்டரை வருடம் முன்னால் சூட்டிய பெயரை இப்போது குழுவே தன் கையால் எழுதிக்கொள்கிறது.

நான்காவது பிரிவுதான் முக்கியம். ஆர்வம் வேறு சமூகங்களுக்குப் போய்விட்டது. எங்கே போனது? ஆகஸ்ட் 3 அன்றே காரெட் டி’அமோர் என்ற பொறியாளர் இல்லூமோஸ் என்ற திட்டத்தை அறிவித்திருந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. ஏற்கெனவே சிடிடிஎல்லில் வெளிவந்த நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து வளர்க்கலாம். சன் திறக்காமல் வைத்திருந்த சில துண்டுகளை மட்டும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. எழுதினார்கள்.

ஆக இரண்டு ஆவணங்கள் இருந்திருக்கின்றன: சாசனம், உரிமம். குழு பேசியது முழுக்கச் சாசனத்தின் மொழியில் – பிரிவு, நியமனம், பொறுப்பு, கட்டுப்பாடு. சாசனம் குழுவுக்குக் கொடுத்த ஒரே உண்மையான அதிகாரம் திருப்பிக் கொடுப்பதுதான். உரிமமோ குழுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் போகிற யாருக்கும் நேரடியாக ‘எடுத்துக்கொள்’ என்று சொன்னது. ஐந்து வருட மரியாதை, அரசியலமைப்பு, தேர்தல், கூட்டக் குறிப்பு எல்லாம் ஒரு பக்கம். 2005-இல் நிரலோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு உரிமம் மறுபக்கம். இன்று ஃப்ரீபிஎஸ்டியிலோ உபுண்டுவிலோ இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பயன்படுத்துகிறவர்கள் அந்த மறுபக்கத்தால்தான் பயன்படுத்துகிறார்கள்.

அப்படியானால் வெளியேற வழி இருந்தால் கடிதத்துக்கு வலு வந்துவிடுமா? அப்படிச் சொல்லி முடித்துவிடத்தான் ஆசை. அப்பாச்சி அறக்கட்டளை அதற்கு விடுவதில்லை.

2007 ஏப்ரல் 10 அன்று அப்பாச்சி சன்னுக்கு ஒரு திறந்த மடல் எழுதியது. சன்னின் தலைமைச் செயல் அதிகாரி ஜோனதன் ஷ்வார்ட்ஸை முதல் பெயரால் விளித்துத் தொடங்குகிறது. சமமானவர்களின் விளி. அப்பாச்சி 1999-லிருந்தே தனி அறக்கட்டளை. சொந்த வீடு, பல புரவலர்கள், யாருடைய சாசனமும் தேவையில்லை. விஷயம் ஹார்மனி என்ற அவர்களது ஜாவா ஆக்கம். அது ஜாவா தரத்துக்குப் பொருந்துகிறது என்று நிரூபிக்க ஒரு சோதனைத் தொகுப்பு வேண்டும். அது சன்னிடம் இருக்கிறது. சன் கொடுக்க முன்வந்த உரிமத்தில், இந்த மென்பொருளை இன்னின்ன வகைச் சாதனங்களில் பயன்படுத்தக் கூடாது என்ற மாதிரியான கட்டுப்பாடு. ஒப்பந்தப்படி அப்படிப் போட உங்களுக்கு உரிமை இல்லை, 30 நாளுக்குள் சரியான உரிமத்தைக் கொடுங்கள் அல்லது ஏன் முடியாது என்று விளக்குங்கள் என்கிறது மடல். தெளிவான எழுத்து. யாரோடு பேசுகிறோம், என்ன வேண்டும், எப்போதுக்குள் – எல்லாம் இருக்கிறது.

மூன்றரை வருடம் ஓடியது, உரிமம் வரவில்லை. இதில் ஒரு வேடிக்கை. 2007 டிசம்பரில் ஜாவா தரங்களைத் தீர்மானிக்கும் செயற்குழுவில், இந்த அமைப்பு எந்த விற்பனையாளரையும் சாராத சுதந்திரமான அமைப்பாக மாற வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. முன்மொழிந்தது யார்? ஆரக்கிள். அப்போது அது கோட்டைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. உள்ளே வந்த பிறகு அந்த வாக்கியம் அதன் வாயிலிருந்து வரவில்லை. 2010 டிசம்பரில் ஜாவா 7-க்கான வாக்கெடுப்பு அப்பாச்சியின் எதிர்ப்பை மீறி நிறைவேறியது. டிசம்பர் 9 அன்று அப்பாச்சி செயற்குழுவிலிருந்து விலகியது. அடுத்த வருடம் நவம்பரில் ஹார்மனியும் பரணுக்குப் போனது. அப்பாச்சி தன் ஓய்வுபெற்ற திட்டங்களை வைக்கும் இடத்துக்குப் பெயரே பரண்தான்.

சொந்த வீடு, சம விளி, நல்ல உரைநடை, காலக்கெடு. எல்லாம் இருந்தும் தோற்றது. ஓப்பன்சோலாரிஸ்காரர்களுக்கு உரிமம் தப்பிக்கும் வழியாக இருந்தது. இங்கே பூட்டே உரிமத்தில்தான் இருந்தது. ஆகவே கடிதத்தின் தரத்தை அதன் பலனை வைத்து எடைபோடுவது தப்பு என்று தோன்றுகிறது. பலனைத் தீர்மானிப்பது அநேகமாகக் கடிதத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிட்ட வேறொரு தாள். பிறகு ஏன் எழுதுகிறார்கள்? அந்த வேறொரு தாள் எது என்று எல்லோருக்கும் காட்டுவதற்குத்தான் என்பேன். அப்பாச்சியின் மடலுக்குப் பிறகு ‘ஜாவா திறந்த தரம்’ என்ற வாக்கியத்தை நட்சத்திரக் குறி இல்லாமல் யாராலும் எழுத முடியவில்லை.

மூன்றாவதாக ஒன்று, நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பது. 2005-இல் இந்திய அரசு தமிழ் மென்பொருள் குறுந்தகடு ஒன்றை இலவசமாகக் கொடுத்தது, வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எழுத்துருக்களோடு ‘பாரதீய ஓப்பன் ஆபிஸ்’ என்று ஒன்று அதில் இருந்தது. அது சன் புரவலராக இருந்த ஓப்பன் ஆபிஸின் வழிவந்தது. சன்னோடு சேர்ந்து ஓப்பன் ஆபிஸும் ஆரக்கிளிடம் போனது.

அந்தச் சமூகத்தின் முக்கியமான ஆட்கள் ஓப்பன்சோலாரிஸ்காரர்களைப் போல எச்சரிக்கை விடவில்லை. 2010 செப்டம்பர் 28 அன்று ‘தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பை அறிவித்தார்கள், லிப்ரே ஆபிஸ் என்ற தற்காலிகப் பெயரோடு. அதே அறிவிப்பில் ஆரக்கிளுக்கும் ஒரு அழைப்பு: நீங்களும் உறுப்பினராக வாருங்கள், ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரைச் சமூகத்துக்குக் கொடுங்கள். மனு இல்லை, கல்யாணப் பத்திரிகை. மண்டபம் பார்த்தாகிவிட்டது, நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் முகூர்த்தம் நடக்கும், வந்தால் சந்தோஷம். இலக்கணம் தலைகீழாகிவிட்டது பாருங்கள். இப்போது ‘நாம்’ என்று சொல்கிற உரிமை சமூகத்திடம் இருக்கிறது, உள்ளே வருவதா என்று நிறுவனம் யோசிக்க வேண்டும்.

ஆரக்கிள் வரவில்லை. அக்டோபர் நடுவில் ஓப்பன் ஆபிஸின் சமூக மன்றக் கூட்டத்தில், புதிய அமைப்பில் சேர்ந்தவர்கள் மன்றத்திலிருந்து விலக வேண்டும், இது நலன்களின் முரண் என்று ஆரக்கிள் தரப்பு சொன்னது. ஒரு கோணத்தில் நியாயம்தான். ரெண்டு வீட்டிலும் உட்கார முடியாது. ஆனால் நிறுவன ஊழியராகவும் சமூக மன்ற உறுப்பினராகவும் ஒரே நேரத்தில் இருப்பதில் இத்தனை வருடம் யாரும் முரணைப் பார்க்கவில்லை! புதிய அமைப்பு தன் சட்டத்திட்டத்தில் முதல் வேலையாக அதைத்தான் அடைத்தது: எந்த ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் அதன் நிர்வாகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்க முடியாது.

2011 ஜனவரியில் லிப்ரே ஆபிஸ் 3.3 வந்தது. ஏப்ரலில் ஆரக்கிள் ஓப்பன் ஆபிஸின் வணிகப் பதிப்பைக் கைவிட்டது. ஜூனில் நிரலையும் பெயரையும் தூக்கிக் கொடுத்தது – டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனுக்கு இல்லை, அப்பாச்சிக்கு. ஆறு மாதம் முன்னால் தன் முகத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போன அதே அப்பாச்சிக்கு. இதற்கு உள்நோக்கம் கற்பிக்க எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் கதையாசிரியர் யாராவது இப்படி எழுதியிருந்தால் மிகை என்று திருத்தச் சொல்லியிருப்பேன்.

2020 அக்டோபர் 12. ஓப்பன் ஆபிஸ் பிறந்து இருபது வருடம். அன்றைக்கு டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் ஒரு திறந்த மடல் வெளியிட்டது, அப்பாச்சி ஓப்பன் ஆபிஸுக்கு. நிறுவனமே இல்லை, ஒரு சமூகக் குழு இன்னொரு சமூகத் திட்டத்துக்கு எழுதுகிறது. உங்களுக்கு 2014-இல் வந்த 4.1-க்குப் பிறகு பெரிய வெளியீடு எதுவும் இல்லை. உங்கள் பெயர் தெரிந்தவர்களுக்கு எங்களைத் தெரியாது. இன்னும் புதுப்பிக்கப்படும் ஒரு மாற்று இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

படிக்கும்போது சங்கடமாக இருந்தது. 2010-இன் அந்தக் கல்யாணப் பத்திரிகை தொனி போய், பழைய மனுவின் தொனி திரும்பியிருக்கிறது. வளர்ச்சியின் கணக்கெல்லாம் இவர்கள் பக்கம், ஆட்கள் இவர்கள் பக்கம். ஆனாலும் கேட்கிற இடத்தில் இவர்கள்தான் நிற்கிறார்கள், ஏனென்றால் பெயர் அங்கே இருக்கிறது. 2008-இல் ஃபீல்டிங் எந்தச் சொத்துக்காகக் கோபப்பட்டாரோ அதே சொத்து. எந்த ஓப்பன் சோர்ஸ் உரிமமும் ட்ரேட்மார்க்கைத் தூக்கிக் கொடுப்பதில்லை. நிரலைக் கிளை பிரிக்கலாம், பெயரைக் கிளை பிரிக்க முடியாது.

2007-இல் முப்பது நாள் கெடு வைத்து மடல் எழுதிய அப்பாச்சி இப்போது மடல் பெறும் இடத்தில். ‘ஓப்பன் ஆபிஸ்’ என்று தேடி வருகிற ஒருவருக்கு, பழைய குறுந்தகட்டில் பார்த்த பெயரை நினைவு வைத்திருக்கிற ஒரு பள்ளி ஆசிரியருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்றும் அந்த 4.1 வரிசைதான் இறங்குகிறது.